பக்கம் ஏ, பக்கம் பி: வாசகர் கேள்விகளுக்கு ஒரு கொடைக்கானல் ரெக்கார்டிங் சென்டர்காரரின் பதில்கள்

போன இதழில் ‘ஒரு மணி நேர கேசட்டுக்கு அமெரிக்க சோல் பாட்டை விட்டால் வேறு சரக்கு இல்லை’ என்று போகிற போக்கில் எழுதிவைத்தேன். வினையாகிவிட்டது. வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அதைப் பற்றியே. ஆகவே இந்த முறை முழுக்க சோல்தான், அதாவது அறுபது, எழுபதுகளில் அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர்கள் தேவாலயப் பாட்டின் சாயலில் பாடிய பாட்டு. ஹோம் தியேட்டர் வயரிங் கேட்டவர்கள் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வீட்டுப் பரணில் ஒரு மரப்பெட்டி நிறைய சின்ன ரெக்கார்டுகள் கிடைத்தன. தாத்தா ஒரு அமெரிக்க மிஷன் குடும்பத்தில் சமையல் பார்த்தவர். அவர்கள் ஊருக்குக் கிளம்பும்போது கொடுத்துவிட்டுப் போனார்களாம். டாம்லா, ஸ்டாக்ஸ், அட்லாண்டிக் என்று லேபிள் ஒட்டியிருக்கிறது. நான் நாலு ரூம் வைத்து ஹோம்ஸ்டே நடத்துகிறேன். சனிக்கிழமை ராத்திரி விருந்தாளிகளுக்குப் போட, டிஜே செய்வதுபோல் பாட்டோடு பாட்டை ஒட்டி ஒரு மணி நேர மிக்ஸ்டேப் செய்ய ஆசை. எங்கே ஆரம்பிப்பது சார்? (வாசகர், வட்டக்கானல்)

தம்பி, உங்கள் தாத்தாவுக்கு ஒரு கும்பிடு. 1901-ல் மிஷனரி பிள்ளைகளுக்காக இங்கே பள்ளிக்கூடம் வந்ததிலிருந்து அமெரிக்கக் குடும்பங்கள் மலையேறுவதும் இறங்குவதுமாகவே இருந்தன. அதனால்தான் மதுரையில் தேடினாலும் கிடைக்காத ரெக்கார்டு நம்மூர்ப் பரணில் கிடைக்கிறது.

முதல் வேலை, பெட்டியைக் கொண்டுபோய் வெயிலில் வைக்காமல் இருப்பது. கொடைக்கானல் வெயில்தானே என்று ஜன்னலோரம் வைத்தால் சாயங்காலத்துக்குள் ரெக்கார்டு நெளிந்துவிடும். அடுத்தது பூஞ்சை. நம் பனிமூட்டத்தில் பரணில் கிடந்த ரெக்கார்டில் வெள்ளைப் புள்ளி இல்லாமல் இருக்காது. டிஸ்டில்டு வாட்டரில் பாத்திரம் கழுவும் லிக்விட் ஓரிரு சொட்டு விட்டு, மெத்தென்ற பிரஷ்ஷால் வரிப்பள்ளத்தின் போக்கிலேயே வட்டமாகத் துடையுங்கள். குறுக்கே தேய்க்காதீர்கள். லேபிள் நனையக் கூடாது. அலசிவிட்டு நிழலில், தட்டு அடுக்கும் ஸ்டாண்டில் நிறுத்திக் காயவையுங்கள்.

ஸ்பிரிட் போட்டுத் துடைக்கச் சொல்லி யாராவது யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். பெட்டிக்குள் பழைய 78 சுற்று ரெக்கார்டு கலந்திருந்தால் அது அரக்கில் செய்தது. ஸ்பிரிட் பட்டால் கரையும். 45-கள் என்று சொல்லப்படும் சின்ன 45 சுற்று ரெக்கார்டுகளிலும் எல்லாமே வினைல் இல்லை. அறுபதுகளில் அமெரிக்காவில் பல 45-களை ஸ்டைரீன் என்ற மலிவு பிளாஸ்டிக்கில் வார்த்தார்கள். விரல் நகத்தால் விளிம்பைத் தட்டிப் பாருங்கள். வினைல் மொத்தென்று கேட்கும். ஸ்டைரீன் டிக்கென்று கேட்கும், வளைக்கப் போனால் உடையும். இதில் ஊசியை வைத்து முன்னும் பின்னும் தேய்த்துப் பாட்டின் தொடக்கத்தைத் தேடும் டிஜே வேலையெல்லாம் கூடாது. தேய்த்த இடத்தில் உஸ்ஸென்ற இரைச்சல் ஏறிவிடும், பிறகு இறங்கவே இறங்காது.

அதனால் ஒவ்வொரு ரெக்கார்டையும் ஒரே ஒரு தடவை நிதானமாக ஓடவிட்டுக் கம்ப்யூட்டரில் பதிந்துகொள்ளுங்கள். ஒட்டும் வேலையைப் பதிவில் வைத்துக்கொள்வோம். அமெரிக்க 45-க்கு நடுத்துளை பெரிது, ஒரு அடாப்டர் வேண்டும். பிளேயரின் வயரை நேரே கம்ப்யூட்டரில் சொருகினால் கொசு பாடுவதுபோலத்தான் கேட்கும். ஊசியிலிருந்து வருவது சில மில்லிவோல்ட்தான். அதோடு ரெக்கார்டு வெட்டும்போதே பேஸைக் குறைத்து ட்ரெபிளைக் கூட்டி வெட்டியிருப்பார்கள். அதைத் திரும்பச் சமன்செய்ய ஃபோனோ ப்ரீ-ஆம்ப் வேண்டும். பதியும்போது மீட்டர் சிவப்பைத் தொட வேண்டாம், உச்சம் மைனஸ் ஆறு டெசிபலில் நிற்கட்டும். கரன்ட் விஷயம் நான் சொல்ல வேண்டியதில்லை. யுபிஎஸ் இல்லாமல் உட்காராதீர்கள்.

பிறகுதான் பட்டியல். நான் கடை வைத்திருந்த நாளில் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக்கொண்டு வருவார்கள். சினிமாப் பாட்டு நாலரை நிமிஷம் ஓடுவதால் அறுபது நிமிஷ கேசட்டில் பன்னிரண்டு, பதின்மூன்று பாட்டுதான் அடங்கும். சோல் 45 பெரும்பாலும் இரண்டரையிலிருந்து மூன்று நிமிஷம். இருபதுக்கு மேலேயே அடங்கும். ரெக்கார்டின் மறுபக்கத்தையும் கேட்காமல் பட்டியல் எழுதாதீர்கள். மெம்ஃபிஸ் ஊரில் ஸ்டாக்ஸ் கம்பெனி பழைய சினிமா கொட்டகை ஒன்றைப் பிடித்து ஸ்டூடியோ ஆக்கியது. முன்பக்கம் மிட்டாய் விற்ற இடத்தில் எஸ்டெல் ஆக்ஸ்டன் ரெக்கார்டு கடை போட்டார். கடைக்கு வரும் பிள்ளைகள் எதைக் கேட்டு வாங்குகிறார்கள் என்று பார்த்துத்தான் உள்ளே என்ன பதிவது என்று யோசித்தார்கள். கவுன்டரில் நின்றவன் என்ற முறையில் அந்தம்மாள் மேல் எனக்குத் தனி மரியாதை. உங்களுக்கும் அதுதான் வழி. இரண்டு மூன்று சனிக்கிழமை பாட்டுகளைச் சும்மா ஓடவிட்டு, எந்தப் பாட்டுக்குச் சாப்பிடுகிற கை நிற்கிறது என்று பாருங்கள்.

கேள்வி: சாஃப்ட்வேர் பாட்டின் வேகத்தை 104 (நிமிஷத்துக்கு இத்தனை அடி) என்று காட்டுகிறது. அடுத்த பாட்டையும் அதற்கே கொண்டுவந்து வைக்கிறேன். அரை நிமிஷத்தில் இரண்டு டிரம்மும் முட்டிக்கொள்கின்றன. வேகத்தைத் தானாகப் பொருத்தும் சிங்க் பட்டனை அழுத்தினாலும் சரியாவதில்லை. ரெக்கார்டு பழுதா, என் லேப்டாப் பழுதா? (வாசகர், வத்தலக்குண்டு)

இரண்டும் பழுதில்லை. டிரம்மர் மனுஷன், அவ்வளவுதான்.

இன்றைக்குப் பாட்டுப் பதிகிறவர்கள் காதில் ‘டிக் டிக்’ என்று ஒரு க்ளிக் ஓடும். டெட்ராய்ட்டில் மோடவுன் கம்பெனி (டாம்லா லேபிள் இவர்களுடையதுதான்) ஒரு வீட்டில் நடத்திய ஸ்டூடியோவில் அது கிடையாது. பென்னி பெஞ்சமின் டிரம்ஸில், ஜேம்ஸ் ஜேமர்சன் பேஸ் கிதாரில். பல்லவி திரும்ப வரும்போது எல்லோருக்கும் ஒரு உற்சாகம் வந்து வேகம் இம்மியளவு ஏறும், சரணத்தில் இறங்கும். பாட்டு நமக்குப் பிடிப்பதே அதனால்தான். சாஃப்ட்வேர் சொல்லும் 104 மொத்தப் பாட்டுக்கும் சராசரி. அந்த 104-ல் பாட்டு எங்கேயுமே ஓடாமலும் இருக்கலாம்.

பாட்டை நேராக்கித் தரும் வசதி சாஃப்ட்வேரில் இருக்கிறது. தொடாதீர்கள் என்பேன். இஸ்திரி போட்ட டிரம்ஸ் கேட்க சகிக்காது. முழுப் பாட்டை விட்டுவிட்டு ஒட்டுகிற இடத்தை மட்டும் அளந்துகொண்டால் போதும். போகிற பாட்டின் கடைசி எட்டு பார் (ஒரு பார் என்பது நாலு அடி), வருகிற பாட்டின் முதல் எட்டு பார். வாட்ச்சை வைத்துக்கொண்டு பதினைந்து விநாடியில் எத்தனை அடி என்று எண்ணி நாலால் பெருக்குங்கள். 26 என்றால் 104, 27 என்றால் 108. 104-ஐ 108-க்கு ஏற்ற 3.8 சதவீதம் கூட்ட வேண்டும். டிஜேக்கள் கொண்டாடும் டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 என்ற ரெக்கார்டு பிளேயர் 1972-ல் வந்தது. 1979-ல் வந்த அதன் எம்கே2-வில் வேகத்தை எட்டு சதவீதம் கூட்டவோ குறைக்கவோதான் முடியும். அதற்கு மேல் போனால் காது காட்டிக்கொடுத்துவிடும். கணக்கு இதுதான்: வேகத்தை ஆறு சதவீதம் கூட்டினால் சுருதி அரைக் கட்டை ஏறும். ஒரு கட்டையில் பாடியவர் ஒன்றரையில் பாடுவார். அடுத்த பாட்டு ஒரு கட்டையிலேயே நின்றால் அந்த எட்டு பாரும் நாராசம்.

ஒட்டும்போது இரண்டு பேஸையும் சேர்த்து விடாதீர்கள். ஜேமர்சன் ஒற்றை ஆள்காட்டி விரலில் வாசித்தவர். அந்த விரல் போகிற போக்கில் தனியாக ஒரு பாட்டே இருக்கும். வருகிற பாட்டின் பேஸை ஈக்வலைசரில் முழுக்க இறக்கிவைத்து உள்ளே விடுங்கள். நாலாவது பார் முடியும் அடியில் இதை ஏற்றி, அதை இறக்குங்கள். கை இரண்டும் ஒரே அடியில் வேலை செய்ய வேண்டும். அது பழக்கத்தில் வரும்.

இன்னொரு இக்கட்டு, இந்தப் பாட்டுகளில் பெரும்பாலானவை முடியாது, தேயும். நீங்கள் ஒட்ட நினைக்கும் இடத்தில்தான் சத்தம் இறங்கத் தொடங்கும். அங்கே போகிற பாட்டின் வால்யூமைக் கையால் மெல்ல ஏற்றிக்கொண்டே வாருங்கள். நாலைந்து விநாடி கூடுதலாகக் கிடைக்கும். தொடக்கம் ரொம்பக் குட்டையாக இருந்தால் முதல் நாலு பாரை மட்டும் திருப்பித் திருப்பி ஓடவிட்டு நீட்டிக்கொள்ளலாம். இது கம்ப்யூட்டர் கண்டுபிடித்த வித்தை இல்லை. நியூயார்க்கின் பிராங்க்ஸில் கூல் ஹெர்க் என்ற டிஜே, எழுபதுகளில் ஒரே ரெக்கார்டில் இரண்டு பிரதி வைத்துக்கொண்டு, இதில் டிரம்ஸ் முடிந்ததும் அதில் டிரம்ஸ் என்று மாற்றி மாற்றி ஓட்டினார். 1973 ஆகஸ்ட் 11-ல் அவர் தங்கைக்காக நடத்திய பார்ட்டியைத்தான் ஹிப்ஹாப்பின் பிறந்தநாள் என்கிறார்கள்.

பழகுவதற்கு ஸ்டாக்ஸ் ரெக்கார்டை முதலில் எடுங்கள். அங்கே டிரம்ஸ் வாசித்த அல் ஜாக்சன் ஜூனியருக்கு ‘மனிதக் கடிகாரம்’ என்கிற மாதிரி ஒரு பட்டப்பெயரே உண்டு. அவ்வளவு நிதானம். மோடவுனுக்குப் பிறகு வாருங்கள்.

கேள்வி: ஒரு காதில் பாடகர் மட்டும், மறு காதில் டிரம்ஸ் மட்டும் கேட்கிறது. ஹெட்போன் போய்விட்டதா? (வாசகி, ஒட்டன்சத்திரம்)

ஹெட்போன் நன்றாக இருக்கிறது அம்மா. அறுபதுகளில் ஸ்டீரியோ புதுசு. குரலை ஒரு பக்கமும் வாத்தியத்தை மறு பக்கமும் தள்ளிவிட்டு ஸ்டீரியோ என்று விற்றார்கள். அக்கறையாகக் கலந்தது, இரண்டு காதிலும் ஒரே சத்தம் வரும் மோனோவைத்தான். கார் ரேடியோவில் ஓடியதும் அதுதான். மோனோ பதிவு கிடைத்தால் அதையே எடுங்கள், கிடைக்காவிட்டால் சாஃப்ட்வேரில் மோனோவாக்குங்கள். ஹோம்ஸ்டே தம்பியும் கவனிக்க. ஒரு ஸ்பீக்கர் சமையற்கட்டுப் பக்கம், இன்னொன்று தோட்டத்துப் பக்கம் என்று வைத்தால், தோசை ஊற்றுகிறவருக்குப் பாடகரும் விருந்தாளிக்கு டிரம்ஸும்தான் கிடைக்கும்.

கேள்வி: பாட்டுகளை எந்த வரிசையில் வைப்பது? வேகம் ஏறிக்கொண்டே போக வேண்டுமா? (வாசகர், தேனி)

கல்யாண மண்டபமாக இருந்தால் ஏறிக்கொண்டே போகலாம். இங்கே ராத்திரி குளிரில் நெருப்பு மூட்டிச் சுற்றி உட்கார்ந்திருக்கிறவர்களிடம் எடுத்த எடுப்பில் ஜேம்ஸ் பிரவுனைக் கத்தவிட்டால் எழுந்து ரூமுக்குப் போய்விடுவார்கள்.

நான் செய்தால் குரலே இல்லாமல் தொடங்குவேன். புக்கர் டி அண்ட் தி எம்ஜிஸ் 1962-ல் வெளியிட்ட ‘கிரீன் ஆனியன்ஸ்’, ஆர்கன், கிதார், பேஸ், டிரம்ஸ் மட்டும். பேசிக்கொண்டிருப்பவர்கள் பேசலாம், காது மட்டும் திரும்பும். அதிலிருந்து ஸ்டாக்ஸிலேயே இரண்டு மூன்று பாட்டு. பிறகு ஒரு சின்ன விளையாட்டு. ஓட்டிஸ் ரெடிங் 1965-ல் எழுதிப் பாடிய ‘ரெஸ்பெக்ட்’. அதை முடித்ததும் அதே பாட்டை 1967-ல் அரீதா ஃபிராங்க்ளின் பாடியது. வீட்டுக்கு வருகிறவனுக்கு மரியாதை கொடு என்று ஆண் கேட்ட பாட்டைப் பெண் பிடுங்கி, எனக்குக் கொடுடா என்று திருப்பிப் போட்டார். மரியாதை என்ற சொல்லை எழுத்தெழுத்தாகச் சொல்லுகிற இடம் ஓட்டிஸிடம் கிடையாது, அரீதா சேர்த்தது. பின்னால் பாடுவது அவருடைய தங்கையும் அக்காவும். நடுவில் வரும் சாக்ஸபோன் கிங் கர்ட்டிஸ். இந்த இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி ஒட்டாதீர்கள். முதலாவது தேய்ந்து முடியட்டும், ஒரு மூச்சு விட்டு இரண்டாவதை வெட்டிப் போடுங்கள். பாட்டு தெரியாதவர்கூடச் சிரிப்பார்.

எல்லா இடத்திலும் ஒட்டியே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. பில் விதர்ஸ் 1971-ல் பாடிய ‘எய்ன்ட் நோ சன்ஷைன்’ பாட்டில் முன்னிசையே கிடையாது. எடுத்த உடனே குரல். அதற்கு முன்னால் எதை ஒட்டினாலும் அந்தக் குரலை மிதித்ததாக ஆகும். அமைதி விட்டுத் தொடங்குங்கள். நடுவில் ‘எனக்குத் தெரியும், தெரியும்’ என்று இருபத்தாறு தடவை சொல்லுவார். வரி எழுதித் தீரவில்லை, பிறகு நிரப்பலாம் என்றிருந்தாராம். கூட வாசித்தவர்கள் அப்படியே விடச் சொல்லிவிட்டார்கள். அப்போது அவர் விமானத்துக்குக் கழிப்பறை செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த மனிதர்.

குரல் மேல் குரலை ஏற்றாமல் இருந்தால் பாதி டிஜே ஆகிவிட்டீர்கள்.

சாம் குக் 1964 ஜனவரியில் பதிந்த ‘எ சேஞ்ச் இஸ் கான கம்’ உங்கள் பெட்டியில் இருந்தால் பக்கம் ஏ-யின் கடைசியில் வையுங்கள். அது திஸ்ர நடை, ஒவ்வொரு அடியும் மூன்றாகப் பிரியும். முன்னால் ஓடியதெல்லாம் சதுஸ்ரம், நாலாகப் பிரியும். எந்தப் பட்டனை அழுத்தினாலும் ஒட்டாது. அந்த ஆண்டு டிசம்பரில் அவரைச் சுட்டுக் கொன்ற பிறகுதான் தனி ரெக்கார்டாக வெளியானது. அதன் பிறகு எதைப் போட்டாலும் எடுபடாது, கேசட்டைத் திருப்பிப் போடுகிற இடைவெளிதான் சரி. பக்கம் பி முழுக்க மோடவுன், ஆட்டம்தான்.

கேள்வி: நான் கோயிலில் ஆர்கன் வாசிக்கிறேன். இதெல்லாம் தேவாலயப் பாட்டைக் கெடுத்துச் செய்தது என்கிறார் அப்பா. நிஜமா? (வாசகர், செண்பகனூர்)

அப்பா சொல்வதில் பாதி சரி. பாடகர் ரே சார்ல்ஸ் 1954-ல் ஒரு கோஸ்பல் பாட்டின் (சபைப் பக்திப் பாட்டு) மெட்டை எடுத்துக் காதல் பாட்டாக்கியபோது அங்கேயும் பெரியவர்கள் இதையேதான் சொன்னார்கள். சாம் குக் சோல் ஸ்டிரர்ஸ் என்ற கோஸ்பல் குழுவில் பாடிவிட்டு வந்தவர். அரீதாவின் அப்பா டெட்ராய்ட்டில் பெயர்பெற்ற போதகர். அல் க்ரீன் எதிர்த்திசையில் போனார். காதல் பாட்டில் உச்சத்தில் இருந்தவர், 1976-ல் மெம்ஃபிஸில் ஒரு சபையையே தொடங்கிப் போதகராகிவிட்டார். சனி ராத்திரி கிளப்பிலும் ஞாயிறு காலை சபையிலும் அங்கே கை தட்டுவது இரண்டாவது, நாலாவது அடியில். நம் ஆட்கள் முதலிலும் மூன்றிலும் தட்டுவார்கள். நீங்கள் பெடலில் அதை வாசித்துக் காட்டினால் அப்பாவின் கால் தன்னால் ஆடும்.

கேள்வி: என் மாமா அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த பழைய பிளேயரில் எல்லாப் பாட்டும் தூக்கக் கலக்கத்தில் பாடுவதுபோல் இருக்கிறது. டிரான்ஸ்ஃபார்மர் சரியாகத்தான் போட்டிருக்கிறேன். (வாசகர், குன்னூர்)

டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைத்தான் மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. அங்கே கரன்ட் 60 ஹெர்ட்ஸ், நமக்கு 50. அந்தக் கால ஏசி மோட்டார் அதற்கேற்பத்தான் சுற்றும். 45 சுற்று ரெக்கார்டு 37½ சுற்றில் ஓடிக்கொண்டிருக்கிறது. 50 ஹெர்ட்ஸுக்கான மோட்டார் புல்லி மாற்ற வேண்டும். கிடைக்கவில்லையா, அப்படியே பதிந்து சாஃப்ட்வேரில் வேகத்தைச் சரியாக இருபது சதவீதம் கூட்டுங்கள். சுருதியும் தானாக நிலைக்கு வந்துவிடும்.

கேள்வி: நடுவில் நம் சினிமாப் பாட்டு ஒன்றிரண்டு சொருகலாமா? (வாசகி, பெரியகுளம்)

தாராளமாக. எழுபது, எண்பதுகளின் பாட்டில் பேஸ் கிதார் நன்றாகவே பேசும். நம் பாட்டில் இன்னொரு சௌகரியம், பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவில் குரலே இல்லாத இசை நீளமாகக் கிடைக்கும். அந்த இடத்திலேயே வெளியேறிவிடலாம். ஒன்றுக்கு மேல் வேண்டாம். இரண்டாவது வந்ததுமே கூட்டம் கோரஸ் பாட ஆரம்பித்துவிடும், சோல் அத்தோடு சரி.

கேள்வி: செய்து முடித்த மிக்ஸ்டேப்பை நெட்டில் ஏற்றலாமா? (வாசகர், பழனி)

வேண்டாம். இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு 60 ஆண்டு உரிமை. பாட்டை எழுதியவரின் உரிமை அவர் ஆயுளுக்குப் பிறகும் 60 ஆண்டு. அமெரிக்காவில் 1957-லிருந்து 1972 பிப்ரவரி நடுவுக்கு முன்னால் வரை வந்த பதிவுகளை 2067 வரை இறுக்கிப் பிடித்திருக்கிறார்கள். வீட்டோடு கேளுங்கள். ஹோம்ஸ்டே, காபிக் கடை என்று வியாபார இடத்தில் ஒலிக்கவிட லைசன்ஸ் வேண்டும். அதையும் விசாரித்துக்கொள்ளுங்கள் தம்பி.

கேள்வி: பென் டிரைவ் இருக்கும்போது எதற்கு கேசட்? அப்படியே பதிவதென்றால் 90 நிமிஷமா, 60 நிமிஷமா? (வாசகர், திண்டுக்கல்)

பென் டிரைவில் போட்டால் பிடிக்காத பாட்டை யாராவது தாண்டுவார்கள். கேசட்டில் அந்தச் சோம்பேறித்தனத்துக்கு வழியில்லை, நீங்கள் வைத்த வரிசையில்தான் கேட்டாக வேண்டும். அறுபதே போதும். தொண்ணூறில் நாடா மெல்லிசு, பழைய டெக் எளிதில் சுற்றி விழுங்கும். பதிவதற்கு முன் டெக்கின் ஹெட்டை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் துடையுங்கள் (ஹெட் உலோகம், இங்கே பயமில்லை). வெறும் கேசட்டை ஒருமுறை கடைசி வரை ஓட்டித் திருப்பிச் சுற்றிக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் ஐந்தாறு விநாடி பதியாத வெள்ளை நாடா போகும், அது போன பிறகு பாட்டை விடுங்கள்.

பதிந்து முடித்ததும் கேசட்டின் மேல் விளிம்பில் இருக்கும் இரண்டு சின்ன பிளாஸ்டிக் துண்டையும் ஸ்க்ரூ டிரைவரால் உடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த திருவிழாவுக்குள் வீட்டில் யாராவது அரீதா மேல் கரகாட்டம் பதிந்துவைப்பார்கள்.